பாதியில் நிற்கும் காருக்குப் பனிக்கால இடம்

அக்டோபர் பிறந்ததும் வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓர் இடப்பெயர்ச்சி தொடங்கும். மிச்சிகன், ஒஹாயோ, விஸ்கான்சின் மாநிலங்களில் பல கவுன்ட்டிகளுக்குச் சொந்தமாகக் கண்காட்சித் திடல்கள் உண்டு. கோடையில் பசுக்களும் பன்றிகளும் பரிசுக்காக நின்ற கொட்டகைகளை இலையுதிர் காலத்தில் கழுவிக் காயவைத்து, படகுகளுக்கும் பழைய கார்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். குறித்த ஒரு வார இறுதியில் கதவு திறக்கும். வந்த வரிசையில் வண்டிகளை நெருக்கி அடுக்குவார்கள். பல இடங்களில் அதன் பிறகு ஏப்ரல் வரை யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. எல்லைக்கு வடக்கே, கனடாவின் ஒன்டாரியோவில், விவசாயிகளின் பழைய மரக் கொட்டகைகள் இதே வேலையைச் செய்கின்றன.

பளபளவென்று முடிந்த காருக்கு இப்படி இடம் கிடைத்துவிடும். பாதியில் நிற்கும் காருக்குக் கிடைப்பது கடினம். எஞ்சின் ஒரு மூலையில், கதவுகள் சுவரோரம், உடல் நான்கு தாங்கிகளின் மேல் என்று இருக்கும் வண்டியைக் கண்காட்சித் திடலில் சேர்க்க மாட்டார்கள்; தானாக ஓடி உள்ளே வர வேண்டும், எண்ணெய் ஒழுகக் கூடாது, காப்புறுதி இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. மாத வாடகைக்கு விடும் சேமிப்பு அறைகளில் ஓடாத வண்டிக்கும், உள்ளே வைத்து வேலை செய்வதற்கும் பெரும்பாலும் தடை. வீட்டு முற்றத்தில் விட்டாலோ, ஓடாத, பதிவில்லாத வண்டியை வெளியே வைக்கக் கூடாது என்று பல நகராட்சிகளின் விதி சொல்கிறது. முடிவில் உரிமையாளர் எங்கே கதவு திறக்கிறதோ அங்கே வண்டியைத் தள்ளிவிடுகிறார். பல ஆண்டு உழைப்பு ஒரே பனிக்காலத்தில் பாழாவது இப்படித்தான்.

இடம் தேடும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "உள்ளே ஹீட்டர் இருக்கிறதா?" என்பது. மனிதருக்கு அது சரியான கேள்வி. இரும்புக்கு அது தவறான கேள்வி என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்களை வேறோர் இடத்தில் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. இரண்டு இடங்களையும் இணைக்க ஈரப்படலம் வேண்டும். கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920களில் இதை எளிதாகக் காட்டினார். மெருகேற்றிய எஃகின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை வைத்தார். காற்று தாராளமாகக் கிடைக்கும் விளிம்பில் இரும்பு கரையவில்லை. ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதியில்தான் கரைந்தது. காரில் இதன் பொருள் கொடுமையானது. வெளியே தெரியும் தகடு தப்பித்துக்கொள்ளும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மடிப்பு, காய்ந்த சேறு ஒட்டிய மூலை, தூசி அடைந்த வடிகால் ஆகிய காற்றுப் புகாத இடங்களே அரிக்கப்படும்.

ஈரம் என்றால் சொட்டச் சொட்ட இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் டபிள்யூ. எச். ஜே. வெர்னன் 1930களில் செய்த சோதனைகளில், மாசு கலந்த காற்றிலும் ஈரப்பதம் ஓர் அளவுக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. அந்த அளவைத் தாண்டியதும் துருவின் வேகம் சட்டென்று எகிறியது. சுமார் 60 சதவீதம் என்று அந்த எல்லையைச் சொல்வார்கள். அதற்கு மேல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் உலோகத்தின் மேல் உருவாகிவிடுகிறது. துருவுக்கு அது போதும்.

முடிந்த காருக்கு இந்த எல்லை அவ்வளவு முக்கியமில்லை. அதன் மேல் எபாக்ஸி, நிறப்பூச்சு, மேல் மெருகு, உள்ளறைகளில் மெழுகு என்று பல அடுக்குக் காப்பு இருக்கிறது. பாதி வேலையில் நிற்கும் காரில் அந்த அடுக்குகள் இல்லாமல் இரும்பு திறந்து கிடக்கிறது. சாண்ட் பிளாஸ்டிங் செய்த தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் மோதி உண்டான நுண்ணிய மேடுபள்ளங்களால் அதன் பரப்பு பெருகியிருக்கும். பழைய துருவும் எண்ணெய்ப் பசையும் போய் இரும்பு வெறுமையாக நிற்கும். புழுக்கமான நாளில் சில மணி நேரத்திலேயே அதன் மேல் செம்மஞ்சள் சாயல் ஏறிவிடும்.

"பிரைமர் அடித்துவிட்டேனே" என்பார் பலர். எந்தப் பிரைமர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பள்ளங்களை நிரப்பித் தேய்த்து மட்டமாக்கத் தடிப்பாக அடிக்கும் பிரைமரில் பிசின் குறைவு, பொடி அதிகம். எளிதாகத் தேயும் குணம் அதற்கு அப்படித்தான் வருகிறது. அதே குணத்தால் ஈரம் அதனூடே மெல்ல இறங்கும். டிங்கரிங் முடிந்து பூசும் பட்டியும் அப்படியே. பாலியெஸ்டர் பிசினோடு டால்க் கல்பொடி கலந்த அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பனிக்காலம் முழுவதும் ஈரம் குடித்த பட்டியின் மேல் வசந்தத்தில் பெயின்ட் அடித்தால், கார் அழகாகத்தான் இருக்கும். பிற்பாடு ஒரு நாள் கதவின் அடியில் கொப்புளம் எழும். அதன் காரணம், வண்டி முந்தைய பனிக்காலத்தைக் கழித்த இடமாக இருக்கும். எபாக்ஸி பிரைமர் வேறு வகை: இறுகப் பின்னிய அதன் பிசின் நீரை மிக மெதுவாகத்தான் உள்ளே விடுகிறது. கொட்டகைக்குப் போகும் தகடுகளுக்கு அதுவே ஏற்ற உடை.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த எம்ஜிபி காரை உதாரணமாகச் சொல்லலாம். பேரேரிப் பகுதியில் பலர் இன்றும் பிரித்துப் புதுப்பிக்கும் வண்டி அது. திறந்த வகையில் கூரை கிடையாது. உடலின் பலத்தில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்தச் சட்டம் பல தகடுகளைச் சேர்த்து வெல்டிங் செய்த பெட்டி. புதிய தகட்டை வெல்டிங் செய்யும்போது வெளிப்பக்கத்தைத் தேய்த்துப் பிரைமர் அடிக்கலாம். உள்பக்கத்தில் வெல்டிங் சூடு இருந்த பூச்சையும் எரித்துவிட்டிருக்கும். அங்கே மெழுகு பீய்ச்சுவது எல்லா வேலையும் முடிந்த பிறகுதான். அதாவது வண்டி பாதியில் நிற்கும் காலம் முழுவதும், அதன் முதுகெலும்பு உள்ளே வெற்று இரும்பாக இருக்கிறது.

இனி உப்பு. அமெரிக்காவில் பனி உருக்கச் சாலையில் உப்புத் தூவும் பழக்கம் 1930களின் இறுதியிலும் 1940களிலும் பரவியது. டெட்ராய்ட் 1940இலேயே தொடங்கிய நகரங்களில் ஒன்று. கார்களின் தலைநகரான அந்த ஊருக்கு அடியிலேயே, சுமார் 350 மீட்டர் ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. ஒன்டாரியோவின் கோட்ரிச்சில் ஹியூரன் ஏரியின் அடியில் ஏறக்குறைய 550 மீட்டர் ஆழத்தில் உள்ளது உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். 1990களின் இறுதியில் கனடா தன் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பைக் கொட்டியது. அது உயிர் காக்கும் வேலைதான். சாலையில் ஒருபோதும் ஓடாமல் கொட்டகையில் நிற்கும் காருக்கும் அதனால் பங்கம் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒவ்வோர் உப்புக்கும் ஓர் ஈரப்பத எல்லை உண்டு. காற்றில் ஈரம் அதைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். அறை வெப்பநிலையில் சாதாரண உப்புக்கு அது சுமார் 75 சதவீதம். கடுங்குளிருக்கென்று கலக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33. கால்சியம் குளோரைடுக்கு ஏறக்குறைய 30. இதுதான் வெர்னனின் 60 சதவீத எல்லையைக் குலைக்கிறது. கால்சியம் குளோரைடு படிந்த தகடு, நாம் உலர்ந்தது என்று நினைக்கும் அறையிலும் ஈரமாகவே இருக்கும்.

உப்பேறிய இரும்புக்கான ஈரப்பத எல்லையை மிகத் துல்லியமாக அளந்தவர்கள் ஒரு கப்பலைக் காப்பாற்ற முனைந்தவர்கள். பொறியாளர் புரூனெல் வடிவமைத்து 1843இல் நீரில் இறங்கிய எஸ்எஸ் கிரேட் பிரிட்டன், ஃபாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்து, 1970இல் பிரிஸ்டலுக்கு இழுத்துவரப்பட்டது. அதன் இரும்பு உடலெங்கும் கடல் உப்பின் குளோரைடு ஊறியிருந்தது. எவ்வளவு உலர்ந்த காற்றில் அந்த அரிப்பு நிற்கும் என்று கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். விடை: சுமார் 20 சதவீதம். அதனால் 2005 முதல் கப்பலின் அடிப்பகுதியைச் சுற்றிக் கண்ணாடித் தளம் அமைத்து, கீழேயுள்ள காற்றைப் பாலைவனம்போல் உலர வைத்துக் காத்து வருகிறார்கள். வாடகைக் கொட்டகையில் 20 சதவீதம் நடக்காத காரியம். ஆகவே உப்பைக் கழுவி எடுக்காமல் எந்த இடத்தில் வைத்தாலும் பயன் சிறிது. குழிகுழியாகத் துருவேறிய தகட்டில் குளோரைடு அந்தக் குழிகளின் அடியில் தங்கியிருக்கும். சூடான நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவி, உடனே உலர்த்தி, அதன் பிறகே எபாக்ஸி அடிக்க வேண்டும். ஆகஸ்டில் செய்யும் இந்தக் கழுவல் ஜனவரியில் ஓடும் எந்த ஹீட்டரையும்விட அதிகம் காக்கும்.

குளிரைப் பார்ப்போம். வளிமண்டல அரிப்பை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 என்ற பன்னாட்டுத் தரநிலையில் 'ஈர நேரம்' என்று ஒரு கணக்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும், வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலும் இருக்கும் மணிகளை மட்டுமே அதில் சேர்ப்பார்கள். உறைநிலைக்குக் கீழே போன மணிகள் கணக்கில் வராது. நீர் உறைந்துவிட்டால் அயனிகள் நகர இடமில்லை. உறையாத ஈரத்திலும் குளிரில் வினை தளர்ந்துவிடும். உப்பு இருந்தால் மட்டும் விதிவிலக்கு: சாதாரண உப்பின் அடர்கரைசல் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை திரவமாகவே நிற்கும். ஜனவரி முழுவதும் மைனஸ் பத்தில் கிடக்கும் ஒழுகாத கொட்டகையில், உப்பு இல்லாத வண்டிக்கு ஏறக்குறைய எதுவும் நடக்காது.

இதோடு வீட்டை ஒட்டிய கராஜை ஒப்பிடுங்கள். வெளியே மைனஸ் 10 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2 கிராம் நீர்கூட இல்லை. அதையே உள்ளே கொண்டுவந்து 10 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். கப்பலைக் காக்கும் காற்று! சூடான கராஜ் பாதுகாப்பானது என்று நம்புகிறவர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் நம்புகிறார்கள். கணக்கு சரி, அது வெறும் கராஜுக்கான கணக்கு. இரண்டு கார் நிற்கும் கராஜின் கொள்ளளவு சுமார் 90 கன மீட்டர். 10 டிகிரியில் அந்தக் காற்று முழுவதும் தாங்கக்கூடிய நீர் 850 கிராம்தான். மாலையில் வேலை முடிந்து வரும் அன்றாடக் கார் சக்கர வளைவுகளில் பனியையும் சாலைச் சகதியையும் சுமந்து வருகிறது. அது உருகுவதில் ஒரு லிட்டர் ஆவியானாலே, மூடிய கராஜின் காற்று தெவிட்டிப்போகும். உருகிய நீரில் உப்பும் இருக்கும். அது தரையில் ஓடி, காய்ந்து, வெள்ளைப் பொடியாகிக் காற்றில் கிளம்பும். பாதியில் நிற்கும் காருக்குப் பக்கத்தில் உப்புநீர் சொட்டும் காரை நிறுத்துவதைவிட மோசமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அதிலும் மோசமானது புகைபோக்கி இல்லாத வாயு ஹீட்டர். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. பார்பெக்யூ அடுப்புக்கு வாங்கும் 9 கிலோ சிலிண்டர் ஒன்றை எரித்தால், கிட்டத்தட்ட 15 லிட்டர் நீரைக் காருக்குப் பக்கத்தில் ஆவியாக்கியதாகும். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடும் பழக்கத்துக்கும் இதே பதில்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகும். எஞ்சின் முழுச் சூடு அடையாமல் நின்றுவிட்டால் அதில் ஒரு பகுதி சைலன்சரிலும் எஞ்சின் எண்ணெயிலும் தங்கிவிடும்.

ஆனால் பேரேரிப் பகுதியில் அதிக இரும்பைத் தின்பது ஜனவரி இல்லை; மார்ச்சும் ஏப்ரலும்தான். பனிக்காலம் முழுவதும் உறைந்து கிடந்த கொட்டகையில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வார்ப்பிரும்பு எஞ்சின் பிளாக் இருக்கிறது. வெளியே தெற்கிலிருந்து மிதமான காற்று வீசுகிறது: 12 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 9 டிகிரி. பிளாக் இன்னும் 2 டிகிரியில் இருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த தண்ணீர்ப் புட்டி வியர்ப்பதுபோல் பிளாக் வியர்க்கும். உள்ளே சிலிண்டர் சுவர்களும், மூடிய பக்கச் சட்டத்தின் உள்பக்கமும் வியர்க்கும். மெல்லிய தகடு சீக்கிரம் சூடேறித் தப்பிவிடும். கனத்த இரும்பு நாள்கணக்கில் குளிராகவே நின்று, காற்றிலிருந்து நீரை உறிஞ்சியபடி இருக்கும். முதல் இளஞ்சூட்டு நாளில் கதவுகளை விரியத் திறந்து "கொஞ்சம் காற்றோட்டம் வரட்டும்" என்று நினைப்பது மனித இயல்பு. அன்றுதான் கதவை மூடி வைக்க வேண்டும். காற்றோட்டம் தர வேண்டிய நாள் கடுங்குளிரான, வெயில் அடிக்கும், உலர்ந்த நாள்.

கொட்டகைக்குக் கொட்டகை வித்தியாசம் இருப்பதும் இதனால்தான். பலகை இடுக்குகளில் காற்று நுழையும் பழைய மரக் கொட்டகையில், காரின் வெப்பநிலை வெளிக்காற்றோடு கூடவே ஏறி இறங்கும். பெரிய இடைவெளி விழாது. நல்ல கூரையும் உலர்ந்த தரையும் அமைந்தால், வாடகை குறைந்த அந்த இடம் பல நவீனக் கட்டடங்களை வெல்லும். மண் தரை என்றால் கதை மாறும். மண்ணிலிருந்து ஆண்டு முழுவதும் நீராவி எழுகிறது. வண்டியின் அடிவயிறு அதற்கு நேர் மேலே இருக்கிறது. கான்கிரீட் தரையும் முழுக்க நம்பத் தக்கதல்ல. அடியில் பிளாஸ்டிக் தடுப்பு போடாத பழைய தளம் மண்ணின் ஈரத்தை மேலே கடத்தும். புதிதாகப் போட்ட தளம் மாதக்கணக்கில் தன் நீரையே வெளியே விடும். இடம் பார்க்கப் போகும்போது ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ, தரை முழுவதும் கனமான பாலித்தீன் விரிப்பை விரித்த பிறகே வண்டியை ஏற்ற வேண்டும்.

காரின் மேல் நீலத் தார்ப்பாய் போர்த்துவது இதற்கு நேர் எதிர்: கீழிருந்து வரும் ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைக்கும். காற்றை விடும் துணிப் போர்வையே நல்லது. பழைய கப்பல் கன்டெய்னரை வாங்கி முற்றத்தில் வைப்பவர்கள் உண்டு. தெளிவான இரவில் அதன் எஃகுக் கூரை வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளேயுள்ள ஈரம் கூரையின் அடியில் படிந்து, வண்டியின் மேல் சொட்டும். சரக்குக் கப்பல்காரர்கள் இதைக் கன்டெய்னர் மழை என்பார்கள். கூரையின் உள்பக்கம் வெப்பக்காப்பு ஒட்டிக் காற்றுத் துவாரமும் வைத்தால் கன்டெய்னரும் தேறும். சிறு விசிறியால் ஊதி நிற்கும் பிளாஸ்டிக் குமிழிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவை காற்றை உலர்த்துவதில்லை. விடாமல் காற்றை ஓட்டி, உலோகத்தைக் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே வைத்திருக்கின்றன. வெப்பநிலை இடைவெளி இல்லையென்றால் வியர்வையும் இல்லை.

கால்நடை இன்னும் நிற்கும் கொட்டகையாக இருந்தால் தயங்காமல் மறுத்துவிடலாம். மாடுகளின் மூச்சிலிருந்து வரும் நீராவி ஒரு காரணம், சாணமும் சிறுநீரும் விடும் அம்மோனியா இன்னொன்று. இந்த இரண்டாவது பாடம் கிடைத்த இடம் இந்தியா. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைகள் அங்கே பித்தளைத் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தன. எடுத்துப் பார்த்தபோது தோட்டாக் குழல்கள் வெடித்துக் கிடந்தன. குழலை இழுத்து உருவாக்கும்போது உலோகத்தில் தங்கிய இறுக்கமும், குதிரைச் சிறுநீரின் அம்மோனியாவும், ஈரமும் சேர்ந்தே அந்த விரிசலை உண்டாக்கின என்பது 1921இல்தான் தெளிவானது. பழைய காரின் ரேடியேட்டர் பித்தளையும் செம்பும். கார்பரேட்டரின் உள்ளுறுப்புகள் பல பித்தளை. உரமூட்டை அடுக்கிய கொட்டகையும் இதே வகையில் சேரும். நைட்ரஜன் உரங்களின் தூசி ஈரத்தை இழுக்கும் உப்புதான்.

மின்சாரம் உள்ள இடம் கிடைத்தால் ஈரநீக்கி வைக்கலாம். கடைகளில் அதிகம் கிடைப்பது குளிர்சுருள் வகை. அது 15 டிகிரிக்குக் கீழே தளர்ந்து, சுருளின் மேல் பனி கட்டி நின்றுவிடும். குளிர்ந்த கட்டடத்துக்குச் சிலிக்கா ஜெல் போன்ற உறிஞ்சி பூசிய சக்கரம் சுழலும் வகையே ஏற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை நூற்றுக்கணக்கான கப்பல்களை அடைத்து வைத்தபோது, உள்ளறைகளை மூடி முத்திரையிட்டுக் காற்றை உலர்த்திக் காத்தது. சூடேற்றிக் காக்கவில்லை. பேரளவில் இரும்பைப் பாதுகாக்க வேண்டிவந்தவர்கள் தேர்ந்த வழி அது.

பிரித்த வண்டி எடுக்கும் இடத்தை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கழற்றிய கதவுகள், பானெட், முன் மட்கார்டுகள், இருக்கைகள், எஞ்சின், கியர்பாக்ஸ், எண்ணற்ற பெட்டிகள் எல்லாம் சேர்ந்தால் முழுக் காரைப்போல் ஏறக்குறைய இரு மடங்குத் தரை வேண்டும். இவை எல்லாம் ஒரே இடத்துக்குப் போக வேண்டியதில்லை. துணி, தோல், ரப்பர், மின்கம்பிக் கட்டு, கருவிகள் ஆகியவற்றை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். மெருகேற்றிய கிராங்க் ஷாஃப்ட் போன்ற உறுப்புகளை எண்ணெய் தடவி, துருத்தடுப்பு ஆவி வெளியிடும் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் மூடலாம். அந்த ஆவி தகட்டின் மேல் படலமாகப் படிந்து காக்கும்.

எஞ்சினில் நீர் ஒரு துளியும் இருக்கக் கூடாது. நீர் உறைந்தால் 9 சதவீதம் விரிந்து பிளாக்கைப் பிளக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்ட அடைப்புகள் உறையும்போது வெளியே தள்ளி எஞ்சினைக் காப்பாற்றவே வைக்கப்பட்டவை என்று ஒரு நம்பிக்கை உண்டு. வார்ப்பின்போது உள்ளே இருந்த மணலை எடுக்க விட்ட துளைகளை அடைப்பவை அவை. காப்பாற்றினால் அது அதிர்ஷ்டம். சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, துளைகளை எல்லாம் மூடிவிடுங்கள். கிளட்ச் பூட்டியிருந்தால் பெடலை அழுத்திய நிலையில் கட்டி வைப்பது நல்லது. இல்லையேல் தட்டு ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆனது மைனஸ் 50 வரையிலும் உறையாது. தீர்ந்துபோனது மைனஸ் பத்துக்கு முன்பே உறைந்துவிடும். பெட்ரோல் டாங்க்கைக் காலிசெய்வது கொட்டகைக்காரருக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை; அவருடைய வைக்கோலும் மரமும் அங்கேதான் இருக்கின்றன.

எலிகளுக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். சைலன்சர் வாய், காற்று வடிகட்டி, ஹீட்டர் குழாய் எல்லாவற்றையும் எஃகுக் கம்பளியால் அடைக்க வேண்டும். கூடு கட்டிய இடத்தில் சிறுநீரின் உப்பும் ஈரமும் தகட்டைத் தின்னும். வட அமெரிக்காவின் மான் எலிகள் ஹான்டா வைரஸைச் சுமக்கக்கூடும். ஆகவே வசந்தத்தில் கூட்டைக் கண்டால் உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. கிருமிநாசினியால் நனைத்து, கையுறையோடு எடுக்க வேண்டும்.

இடத்துக்கு வண்டியைக் கொண்டுசெல்வதற்கு முன் சட்டத்தின் பலத்தைப் பாருங்கள். எம்ஜிபி போன்ற திறந்த காரில் பக்கச் சட்டத்தை வெட்டிய நிலையில், கதவு வாயில் குறுக்குத் தாங்கல் பற்றவைக்காமல் தூக்கினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. அந்தப் பக்கத்தை முடித்துவிட்டோ தாங்கல் கொடுத்தோதான் நகர்த்த வேண்டும். உருளும் சக்கரங்களும் திரும்பும் ஸ்டியரிங்கும் இருந்தால் பல கதவுகள் கூடுதலாகத் திறக்கும். அதற்காகவாவது பழைய சக்கரம் நான்கைக் கடன் வாங்கிப் பூட்டலாம். வண்டியின் எல்லாப் பக்கங்களையும் பெட்டிகளையும் படம் எடுத்து, உரிமைப் பத்திரத்தின் நகலோடு கொட்டகைக்காரரிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் வாடகை பாக்கி நின்றால் பொருளைப் பிடித்து வைக்கவும், குறித்த முறைப்படி விற்கவும் வைத்திருப்பவருக்குச் சட்டம் உரிமை தருகிறது. ஓடாத வண்டிக்கும் தீ, திருட்டுக்கு மட்டுமான காப்புறுதி கிடைக்கும். கொட்டகைக்காரரின் காப்புறுதி உங்கள் காரைச் சேர்க்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மலிவான ஈரப்பதப் பதிவுக்கருவியை விட்டு வந்தால், அடுத்த ஆண்டும் அதே இடத்தை எடுப்பதா என்பதை அதன் வரைபடம் சொல்லும்.

இந்த வேலைகளில் நாள்காட்டியோடு கட்டுண்டது ஒன்றுதான். பெரும்பாலான எபாக்ஸி பிரைமர்கள் இறுகுவதற்கு 15 டிகிரி அளவுக்காவது சூடு வேண்டும். காற்று மட்டுமல்ல, தகடும் இரவு முழுவதும் அந்தச் சூட்டில் இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் செப்டம்பர் பாதிக்குப் பிறகு அப்படிப்பட்ட இரவுகள் அரிது. கழுவல், உலர்த்தல், எபாக்ஸி மூன்றையும் ஆகஸ்ட் கடைசிக்குள் முடித்துவிட்டால், அக்டோபரில் எந்தக் கொட்டகையின் கதவையும் தட்டலாம்.